மூளைப் புறணியில் எது எங்கே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்த மூன்றாம் நாள், டாக்டர் ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறுப்பாக ஒரு திட்டைக் காட்டினார். "பேச்சு வர்ற இடம் இது. ரத்தம் போகாம செத்துப்போச்சு." படத்தில் அது வலப்பக்கம் இருந்தது. இடது மூளை என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன். எதிரே நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரிதான் ஸ்கேன் படம் இருக்கும், அவருடைய இடது நமக்கு வலது என்றார். பள்ளியில் வருடக்கணக்காக விலங்கியல் நடத்துகிறவனுக்கு இதுகூடத் தெரியவில்லை. அதன் பிறகு தேடிப் படித்ததையும், வீட்டாரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இது வைத்தியக் குறிப்பும் இல்லை.

புறணி என்றால் என்ன? அதுதான் மூளையா?

ஊரில் புறணி என்றால் ஆள் இல்லாதபோது அவரைப் பற்றிப் பேசுவது. இங்கே அந்தச் சொல்லின் இன்னொரு பொருள்: மேல்பட்டை. மரத்துக்குப் பட்டை மாதிரி, பெருமூளையின் மேலே படிந்திருக்கிற மெல்லிய அடுக்கு.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கறிக்கடையில் உடையாத ஆட்டு மூளை ஒன்று வாங்குங்கள். நான் வகுப்புக்கு அப்படித்தான் கொண்டுபோவேன். மேலே இருக்கிற சவ்வை மெதுவாக உரித்துவிட்டு, பிளேடால் குறுக்கே ஒரு வெட்டு. ஓரத்தில் சுற்றிவர மங்கின நிறத்தில் ஒரு கரை, உள்ளே பால்வெள்ளை. கரை வேட்டி மாதிரியே இருக்கும். அந்தக் கரைதான் புறணி. மனிதருக்கு அதன் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர். நரம்புசெல்களின் உடல் பகுதி அந்தக் கரையில் இருக்கிறது. உள்ளே இருக்கிற வெள்ளை, ஓரிடத்தை இன்னோரிடத்தோடு இணைக்கிற நார்க்கட்டுகள். கொழுப்பு உறை போர்த்தியிருப்பதால் அந்த நிறம். இந்த வெள்ளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பெரியப்பா கதையில் திரும்ப வரும்.

மூளை முழுவதும் புறணி இல்லை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புசெல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் புறணிக்குச் சேர்ந்தது சுமார் 1,600 கோடிதான். மிச்சத்தில் பெரும்பங்கு பின்னால் அடியில் இருக்கிற சிறுமூளையில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. மாணவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். பேர் சிறுமூளை, ஆள் கணக்கில் அதுதான் பெரிசு.

ஏன் இத்தனை மடிப்பு?

இடம் போதாததால். இரண்டு பக்கத்துப் புறணியையும் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 2,000 சதுர சென்டிமீட்டர் வரும். தினசரித் தாளின் ஒரு பக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். அதை மண்டையோட்டுக்குள் வைக்கக் கசக்கித்தான் ஆகவேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளுக்கு உள்ளே மறைந்திருக்கிறது. வெளியே தெரிவது மேடுகள் மட்டும். எலி மூளை வழவழவென்று இருக்கும், ஆட்டு மூளையில் மடிப்பு உண்டு, யானைக்கு நம்மைவிட அதிகம். ஆக, மடிப்பு அதிகமானால் புத்தி அதிகம் என்கிற கணக்கு நிற்காது.

எத்தனை மடல்கள்? தமிழ்ப் பெயர் என்ன?

வெளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு. உங்கள் தலையையே தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நெற்றியில் கை வைத்தால் உள்ளே நெற்றி மடல்; அது உச்சந்தலைவரை நீளும். உச்சியிலிருந்து பின்னால் சரிகிற இடம் உச்சி மடல். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டை ஒட்டிப் பொட்டு மடல். பிடரிக்கு மேலே தலை புடைத்திருக்கிற இடத்தில் பிடரி மடல். தமிழ்ப் பெயர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகின்றன. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஃபிரான்டல், பரைட்டல், டெம்போரல், ஆக்சிபிடல் என்றுதான் இருக்கும். அதே வரிசையில் படித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிவு மேலே இருக்கிற மண்டையோட்டு எலும்புகளின் பெயரை வைத்து வந்தது. வேலையைப் பார்த்துப் பிரித்ததில்லை.

எந்த வேலை எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பெரும்பாலும் யாருக்கோ அடிபட்டதால். 1800ஐ ஒட்டி வியன்னாவில் ஃபிரான்ஸ் யோசஃப் கால் என்பவர், மண்டையில் எங்கே புடைப்பு இருக்கிறதோ அங்கே உள்ளே இருக்கிற குணம் ஓங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். புடைப்புக் கதை தப்பு. ஆனால் வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு இடம் என்ற யோசனை பிழைத்துக்கொண்டது.

1861இல் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் "தான் தான்" என்பார். பெயரே தான் என்று ஆகிவிட்டது. கேட்பது புரியும், கையால் ஜாடை காட்டுவார், பேச்சு மட்டும் அந்த ஓர் அசை. கோபம் வந்தால் ஒரு முழு வசவு சரளமாக வரும். அவர் ஏப்ரலில் இறந்ததும், பால் ப்ரோக்கா என்ற அறுவை மருத்துவர் மூளையை எடுத்துப் பார்த்தார். இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் பள்ளம். அந்த இடத்துக்கு இன்றும் ப்ரோக்கா பகுதி என்று பெயர். 1870இல் பெர்லினில் ஃப்ரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளைப் புறணியில் லேசாக மின்சாரம் கொடுத்தபோது எதிர்ப்பக்கத்துக் கால் துள்ளியது. 1874இல் 26 வயது கார்ல் வெர்னிக்கெ, பேச்சு தடையில்லாமல் வந்தும் அர்த்தமில்லாமல் போகிற நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்குச் சேதம் இடது பொட்டு மடலின் பின்பகுதியில்.

எனக்குப் பிடித்த கதை ஜப்பானுடையது. 1904–05 ருஷ்ய–ஜப்பானியப் போரில் ருஷ்யர்கள் பயன்படுத்தின துப்பாக்கியின் குண்டு சிறியது, வேகம் அதிகம். தலையைச் சிதைக்காமல் ஊசி போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். பிழைத்த சிப்பாய்களுக்கு எவ்வளவு பார்வை போயிருக்கிறது என்று அளந்து, ஓய்வூதியத்துக்குச் சான்று தரும் வேலை தாத்சுஜி இனோயே என்ற கண் மருத்துவருக்கு. குண்டு நுழைந்த துளை, வெளியேறின துளை இரண்டையும் வைத்து உள்ளே போன பாதையைக் கணக்கிட அவர் ஒரு கருவியே செய்தார். அந்தப் பாதையையும், கண் முன்னால் எந்த இடத்தில் பார்வை இல்லை என்பதையும் பொருத்திப் பார்த்து, பிடரி மடலில் பார்வையின் வரைபடத்தைப் போட்டு 1909இல் வெளியிட்டார். பென்ஷன் கணக்குப் பார்க்கப் போன இடத்தில் நடந்த கண்டுபிடிப்பு.

அப்போ ப்ரோக்கா பகுதிதான் பேச்சு மையமா?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இது. நானும் வகுப்பில் "ஆமாம்" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், பெரியப்பாவைப் பார்க்கிறவரை.

மளிகைக் கடையில் நாற்பது வருடம் கணக்கு எழுதினவர். பக்கவாதத்துக்குப் பிறகு "அதான்… அதான்" மட்டும் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவார், "அதான்." என் பெயர் கேட்டால் யோசிப்பார், வியர்க்கும், "அதான்." ஒருநாள் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவள், ஏழெட்டில் தடுமாறினாள். கட்டிலிலிருந்து தெளிவாக ஒரு குரல்: "அம்பத்தாறு." எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "ஏழொம்பது அறுபத்துமூணு, ஏழு பத்து எழுபது." முடித்துவிட்டு, "பெரியப்பா, தண்ணி வேணுமா? தண்ணின்னு சொல்லுங்க" என்றதும் மறுபடி "அதான்." நர்ஸ் ஊசி போட வந்தபோது வந்த வசவையும் கேட்டிருக்கிறேன். அதில் ஓர் எழுத்து பிசகவில்லை. லெபோர்ன் நினைவுக்கு வந்தார்.

மனப்பாடமானது, பாட்டு, வசவு, ஒன்று இரண்டு மூன்று — இவை தப்பிப்பது இப்படிப்பட்டவர்களிடம் சாதாரணம் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார். யோசித்துச் சொல் தேடி வாக்கியம் கட்டுவதும், ஓடிப் பழகின தடத்தில் ஓடுவதும் வேறு வேறு.

ப்ரோக்கா காலத்திலேயே லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற நரம்பியல் மருத்துவர் ஓர் எச்சரிக்கை சொன்னார்: பேச்சை அழிக்கிற சேதம் எங்கே என்று கண்டுபிடிப்பது வேறு, பேச்சு எங்கே இருக்கிறது என்று சொல்வது வேறு. ஃபியூஸ் கட்டை போனால் டிவி நிற்கிறது. அதற்காகப் படம் ஃபியூஸ் கட்டையில் இருக்கிறது என்போமா? எந்த மடலைப் பற்றி யார் என்ன சொன்னாலும் இந்த ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

லெபோர்னின் மூளையைப் பாரிஸில் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2007இல் அதை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த முடிவு வெளியானது. சேதம் ப்ரோக்கா பார்த்த மேல்பரப்போடு நிற்கவில்லை. உள்ளே வெள்ளைக்குள் போய், முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கிற நார்க்கட்டுகளையும் தின்றிருந்தது. ப்ரோக்கா மூளையை அறுக்காமல் வைத்ததால் அவருக்கு அது தெரியவில்லை. புறணியில் அந்தச் சின்ன இடம் மட்டும் கெட்டவர்களுக்குப் பேச்சு பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுகிறது. வெள்ளையும் சேர்ந்து போனால்தான் லெபோர்ன் நிலைமை. பெரியப்பாவின் ஃபிலிமில் திட்டு எவ்வளவு ஆழம் என்று நான் கேட்கவே இல்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

இடது மூளை கெட்டால் வலது கை ஏன் விழுகிறது?

புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்குகிற நார்களில் பெரும்பாலானவை, மூளை தண்டுவடத்தோடு சேருகிற முகுளத்தில் பக்கம் மாறிவிடுகின்றன. பேச்சு மட்டும் இப்படிச் சமமாகப் பங்கிடப்படவில்லை. வலக்கைக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இடதுபக்கம்தான் பேச்சுக்கு முக்கியம். இடக்கைக்காரர்களிலும் பத்துக்கு ஏழு பேருக்கு அப்படியே. அதனால்தான் வலது கை விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவது அதிகம்.

கை, கால், உதடு என்று புறணியில் தனித்தனி இடம் உண்டாமே?

உண்டு. நெற்றி மடலும் உச்சி மடலும் சேருகிற பள்ளத்துக்கு முன்கரையில் அசைவுக்கு, பின்கரையில் தொடு உணர்வுக்கு. 1930களிலிருந்து மாண்ட்ரியலில் வில்டர் பென்ஃபீல்ட் வலிப்பு நோயாளிகளுக்கு மயக்கம் கொடுக்காமலே மூளையைத் திறந்து, மின்முனையால் தொட்டுத் தொட்டு "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். ஓரிடம் தொட்டால் கட்டைவிரல் துடித்தது, இன்னோரிடத்தில் நாக்கில் ஊசி குத்தின மாதிரி இருந்தது. அதை உருவமாக வரைந்தால் கிடைப்பது ஒரு விகார மனிதன்: பெரிய உதடு, பெரிய கட்டைவிரல், சூம்பின முதுகு. நுட்பமான வேலைக்கு இடம் அதிகம்.

இந்த வரைபடம் நம் வீட்டு நோயாளியைப் புரிந்துகொள்ள நேரடியாக உதவும். கால் பகுதி இரண்டு மூளைக்கும் நடுவே உள்பக்கச் சுவரில் இருக்கிறது. கையும் முகமும் வெளிப்பக்கத்தில். வெளிப்பக்கத்துக்கு ஒரு ரத்தக்குழாய், உள்பக்கத்துக்கு வேறு ரத்தக்குழாய். பெரியப்பாவுக்கு அடைத்தது வெளிப்பக்கத்துக்குப் போகிற குழாயின் கிளை. அதனால் வாய் கோணி, வலது கை தொங்கினபோதும், காலை இழுத்து இழுத்தாவது நடந்தார்.

வரைபடத்தில் முகத்துக்குப் பக்கத்து வீடு கை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்காவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்ட ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவினார். கன்னத்தில் மட்டுமல்ல, இல்லாத கையின் கட்டைவிரலிலும் தொடுகிற மாதிரி இருக்கிறது என்றார் அந்த மனிதர். வேலையில்லாத கைப்பகுதிக்குள் பக்கத்து வீட்டு முகம் நுழைந்துவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். கேட்க அழகான விளக்கம், ஆனால் முழுக்கதை அதுவல்ல. பிரிட்டனில் தாமர் மாக்கின் குழுவினர், கை போய் வருடங்கள் ஆன பிறகும் இல்லாத விரல்களை அசைக்க முயன்றால் பழைய கை வரைபடம் அப்படியே விழித்துக்கொள்வதைக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார், வீட்டை விற்கவில்லை.

பென்ஃபீல்டின் படமும் திருத்தம் கண்டுவிட்டது. கால், கை, வாய்ப் பகுதிகளுக்கு இடையிடையே, தனி உறுப்பு எதையும் சேராமல், முழு உடம்பின் செயலையும் திட்டத்தையும் இணைக்கிற பகுதிகள் இருப்பதாக 2023இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாடப்புத்தகத்தில் இன்னும் பழைய விகார மனிதன்தான்.

கண் முன்னால் இருக்க, பார்வை ஏன் பின்மண்டையில்?

ஏன் அங்கே போய் அமைந்தது என்பதற்குப் பரிணாம வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும். எப்படி வேலை செய்கிறது என்பது நன்றாகத் தெரியும். கண்ணிலிருந்து வருகிற செய்தி மூளையின் நடுவே இருக்கிற தலாமஸில் மாறி ஏறி, பிடரி மடலுக்குப் போகிறது. அங்கே முதலில் படமாக எதுவும் எழுவதில்லை. 1950களின் கடைசியில் ஹியூபெல், வீசெல் என்ற இருவர் பூனையின் புறணியில் ஒரு நரம்புசெல்லின் மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டு, புள்ளி போட்ட கண்ணாடித் தகடுகளைத் திரையில் காட்டினார்கள். செல் சும்மா இருந்தது. தகட்டை மாற்றும்போது அதன் விளிம்பின் நிழல்கோடு திரையில் நகர்ந்ததும் படபடவென்று துடித்தது. அதற்கு வேண்டியது புள்ளி அல்ல, குறிப்பிட்ட சாய்வில் ஒரு கோடு. 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

கோடுகளிலிருந்து மேலே போகப் போக வேலை பிரிகிறது. அசைவுக்கு ஓரிடம், முகத்துக்கு ஓரிடம். 1983இல் மியூனிக்கிலிருந்து விவரிக்கப்பட்ட ஒரு பெண்மணிக்கு அசைவைப் பார்க்கிற பகுதி இருபக்கமும் போய்விட்டது. டீயைக் கோப்பையில் ஊற்றினால் அது உறைந்துபோன மாதிரி நிற்குமாம். எப்போது நிறைகிறது என்று தெரியாமல் வழிந்துவிடும். தூரத்தில் இருக்கிற கார் அடுத்த கணம் பக்கத்தில் நிற்கும். நிறமும் வடிவமும் அவருக்குச் சரியாகவே தெரிந்தன. முகத்துக்கான பகுதி பொட்டு மடலின் அடிப்பக்கத்தில். அது கெட்டவர்கள் மனைவியைக்கூடக் குரல் கேட்டுத்தான் அடையாளம் காண்பார்கள்.

"பாட்டி தட்டில் பாதி சாதத்தை விட்டுவிட்டு, போதவில்லை என்கிறார்." இது என்ன?

ஒரு மாணவி கேட்டது. வலது உச்சி மடலில் அடிபட்டவர்களிடம் பார்க்கிற விஷயம். கண் பழுதில்லை. உலகத்தின் இடதுபாதி என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இலை போட்டால் இடது ஓரத்து உப்பும் ஊறுகாயும் தொடாமல் கிடக்கும், "ஊறுகாய் வைக்கலையா?" என்பார்கள். தட்டைத் திருப்பி வைத்தால் மிச்சத்தைச் சாப்பிடுவார்கள்.

இது பார்வைக் கோளாறு இல்லை என்று எப்படித் தெரியும்? 1978இல் இத்தாலியில் பிசியாக், லுட்சாட்டி என்ற இருவர் இப்படிப்பட்ட நோயாளிகளிடம் மிலான் நகரத்துக் கதீட்ரல் சதுக்கத்தை மனக்கண்ணில் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். கதீட்ரலைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கத்துக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். கதீட்ரல் படியில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்ட கட்டடங்கள் எல்லாம் வந்தன. முன்பு சொன்னவை காணாமல் போயின. ஆக, ஞாபகத்தில் எல்லாம் இருந்தது. கவனம்தான் இடப்பக்கம் போகவில்லை. அந்தப் பாட்டிக்கு இடப்பக்கம் நின்று பேசாதீர்கள் என்று சொல்லத் தோன்றும். பயிற்சியாளர்கள் சிலநேரம் வேண்டுமென்றே அந்தப் பக்கம் நின்று பழக்குவார்கள். அவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

நெற்றி மடல் போனால் குணமே மாறிவிடுமா?

எல்லோரும் சொல்கிற உதாரணம் ஃபினியஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில்பாதைக்குப் பாறை வெடிக்கும்போது, 6 கிலோ எடையும் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்துக்குக் கீழே நுழைந்து உச்சி வழியாகப் பறந்தது. மாட்டுவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து விடுதிக்குப் போனார். பிழைத்தார். ஆனால் பழைய கேஜ் இல்லை, வாய் மோசமாகிவிட்டது, ஒன்றிலும் நிலைப்பதில்லை என்று மருத்துவர் ஹார்லோ பின்னால் எழுதினார். கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். கேஜ் அதற்கப்புறம் சிலி நாட்டுக்குப் போய், ஏழு வருடம்போல் பல குதிரை பூட்டின பயணிகள் வண்டி ஓட்டினார். குணம் முழுக்கக் கெட்டவரால் முடிகிற வேலையா அது? தேறியிருக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன். 1860இல் வலிப்பு வந்து இறந்தார்.

நெற்றி மடலின் முன்பகுதி திட்டமிடல், அடக்கம், இப்போது வேண்டாம் என்று தள்ளிவைத்தல் போன்றவற்றில் பெரிய பங்கு வகிக்கிறது. இருபது வயதைத் தாண்டியும் பக்குவப்பட்டுக்கொண்டிருக்கும். இந்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு 1935இல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ், மனநோயாளிகளின் நெற்றி மடல் நார்களை அறுக்க ஆரம்பித்தார். 1949இல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்க்கை மங்கிப்போனது. மடல் வரைபடத்தைப் பெரிதாக நம்பினதற்கு இதைவிட மோசமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஞாபகம் எந்த மடலில்?

ஒன்றிலும் அடைத்து வைக்கவில்லை. 1953இல் வலிப்புக்காக ஹென்றி மொலேசன் என்பவருக்குப் பொட்டு மடலின் உள்மடிப்பில் இருக்கிற ஹிப்போகேம்பஸை இருபக்கமும் எடுத்தார்கள். பழைய நினைவுகள் பெரும்பாலும் இருந்தன; புதிதாக எதுவும் பதியவில்லை. 2008இல் இறக்கும்வரை அப்படியே. ஆக, பதிய வைக்கிற இடம் வேறு, பதிந்தது பரவிக் கிடக்கிற இடம் வேறு.

பிராட்மேன் எண் என்பது என்ன?

1909இல் ஜெர்மானியரான கோர்பினியன் பிராட்மேன் புறணியை நுண்ணோக்கியில் பார்த்து, செல் அடுக்குகள் மாறுகிற இடமெல்லாம் எல்லை போட்டு எண் கொடுத்தார். 52 வரை போகும், சில எண்கள் மனிதருக்குக் கிடையாது. ப்ரோக்கா பகுதி 44, 45. பார்வையின் முதல் நிலையம் 17. எண்களுக்கு வேறு அர்த்தம் தேடாதீர்கள். 2016இல் வந்த வரைபடம் ஒரு பக்கத்துக்கு 180 பகுதி சொல்கிறது.

மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோமா? மிட்பிரெயின் ஆக்டிவேஷன் வகுப்பில் சேர்க்கலாமா? விரல்ரேகை டெஸ்ட்?

மூன்றும் பெற்றோர் கூட்டத்தில் வருகிற கேள்விகள். பத்து சதவீதம் பொய். உடம்பு எடையில் சுமார் 2 சதவீதம் இருந்துகொண்டு, சக்தியில் 20 சதவீதம் தின்கிற உறுப்பு மூளை. தொண்ணூறு பங்கு சும்மா கிடந்தால் பெரியப்பாவின் ஒரு சின்னத் திட்டு இவ்வளவு செய்திருக்காது.

மிட்பிரெயின், அதாவது நடுமூளை, புறணியே இல்லை. அடியில் மூளைத்தண்டைச் சேர்ந்தது. நடுமூளை வேலை செய்யாத குழந்தைக்கு விழிப்பே இருக்காது, வகுப்புக்கு எப்படி வரும்? அந்த வகுப்புகளில் காட்டுகிற, கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கிற வித்தையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். குழந்தை முகத்தை நிமிர்த்தி, மூக்கோரச் சந்து வழியாகக் கீழே பார்க்கும். அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்தால் வித்தை நின்றுவிடும். விரலுக்கு ஒரு மடல் என்று ரேகை பார்த்துக் குழந்தையின் படிப்பைச் சொல்வதற்கும் ஆதாரம் கிடையாது. கால் என்பவரின் புடைப்பு விரலுக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

இடது மூளை கணக்கு, வலது மூளை கலை என்பதும் அப்படியே. இரண்டையும் இணைக்கிற நார்ப்பாலத்தை அறுத்த நோயாளிகளிடம் ரோஜர் ஸ்பெரி செய்த சோதனைகள் நிஜம். ஆனால் அறுக்காத நம் தலையில் இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன.

செத்த பகுதி திரும்ப முளைக்குமா?

முளைக்காது. ஆனால் சுற்றி இருக்கிற பகுதிகளும் எதிர்ப்பக்கமும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். முதல் சில மாதங்களில் வேகம் அதிகம். அப்புறமும் நின்றுவிடாது. பார்வையற்றவர்கள் விரலால் பிரெய்ல் படிக்கும்போது பிடரி மடல் வேலை செய்வதை 1990களில் பார்த்திருக்கிறார்கள். வேலையில்லாமல் சும்மா இருக்க அதற்குத் தெரியாது. பெரியப்பாவுக்குப் பயிற்சியாளர் ராகம் போட்டுச் சொல்ல வைத்தார். "தண்… ணீ…" என்று இரண்டு சுரம், இடது கையால் தொடையில் தாளம். 1970களில் பாஸ்டனில் உருவான முறை இது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. இவருக்கு ஐந்தாவது வாரம் "தண்ணி" வந்தது, பாட்டாகவே. இப்போதும் பாடித்தான் கேட்பார்.

ஒன்றை மட்டும் பிந்திப் புரிந்துகொண்டோம். அடைப்பைக் கரைக்கிற மருந்தைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் பார்த்த பிறகுதான் அதையும் கொடுப்பார்கள். எனவே வாய் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்து, ஒன்று இருந்தாலும் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று எழுதிவையுங்கள். தூக்கத்தில் வந்திருந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரம். பெரியப்பாவுக்கு ராத்திரி ஒன்பதரைக்கே சாப்பாட்டுத் தட்டு கைநழுவியது. பித்தம் என்று சோடா வாங்கிக் கொடுத்து, படுக்க வைத்து, காலையில் ஆட்டோ பிடித்தோம்.